நாற்பத்து நான்கு மூச்சு

நாற்பத்து நான்கு என்ற எண்ணை நான் நம்புவதில்லை. பச்சைக் குழந்தை நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு முறை மூச்சு விட்டால் அது இயல்பு என்றுதான் கையேடு சொல்கிறது. நானும் அப்படித்தான் பதிவேட்டில் எழுதினேன். இருபத்து நான்கு ஆண்டுகளாக அந்த வரி என் கண்ணில் நிற்கிறது.

போன ஐப்பசியில் கவிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால், நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்தில் இப்போது கிராம சுகாதார செவிலியராக இருப்பவள் அவள்.

"அக்கா, ஒரு டவுட்டு. நம்ம ராமாயி பொண்ணு மலர் இருக்குதுல்ல, அது இப்ப எட்டு மாசம். வூட்டுக்காரரு மெட்ராஸ்ல கம்பெனில இருக்காரு. அங்க ஆஸ்பத்திரில ஆர்.எஸ்.வி.ன்னு ஒரு ஊசி சொல்லியிருக்காங்க. மாசமா இருக்கறவங்க போட்டுக்கினா பொறக்கற குழந்தைக்கு சளிக்காய்ச்சல் முத்தாம காப்பாத்துமாம். நம்ம அட்டவணையில அது இல்லியே. இன்னா சொல்றது?"

"டாக்டரைக் கேட்டியா?"

"கேட்டேன். நல்ல ஊசிதான், கடைசி மாசங்கள்ல போடறதுதான், தாராளமா போட்டுக்கலாம்னாரு. அவங்க அம்மாதான் ஒத்துக்கல. நர்ஸம்மா வந்து சொன்னாத்தான்றாங்க. நர்ஸம்மான்னா நீங்க. நான் மூணு வருஷமா இங்க ஊசி போட்டுக்கினு இருக்கேன், என்னை இன்னும் புதுப்பொண்ணுன்றாங்க."

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. ராமாயியின் பெயரையும் ஆர்.எஸ்.வி. என்ற அந்த வைரஸின் பெயரையும் ஒரே மூச்சில் கேட்டிருந்தேன். நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நான் நைனார்பாளையத்துக்காரி. குத்தகை நிலத்தில் பாடுபட்ட குடும்பம். பத்தாவது முடித்ததும் செவிலியர் பயிற்சி, அது முடிந்ததும் சமவெளியில் சில ஆண்டுகள், பிறகு மலை. பயிற்சியில் கற்றதில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது சுலோச்சனா அம்மா கற்றுக்கொடுத்தது. அவர் எங்கள் பகுதிக்கான மேற்பார்வைச் செவிலியர். மாதம் இருமுறை பேருந்தில் மலையேறி வருவார். குரல் உயர்த்த மாட்டார். பதிவேட்டைத் திறந்து, தவறான வரியின் மேல் பேனா மூடியை வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். நாம்தான் தவறைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும்வரை மூடி அங்கேயே இருக்கும்.

குழந்தையின் மூச்சை எண்ணுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. பால் குடித்தவுடன் எண்ணக் கூடாது. அழும்போது எண்ணக் கூடாது. துணியை மார்புக்கு மேல் விலக்கி, குளிர் கை படாமல், வயிறு ஏறி இறங்குவதைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். விநாடி முள் பன்னிரண்டைத் தொடும்போது தொடங்கி, மறுபடி பன்னிரண்டைத் தொடும்வரை. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது அவருக்குப் பிடிக்காது. "நீ எண்ணாத அரை நிமிஷத்துல குழந்தை இன்னா பண்ணுச்சுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்பார். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அறுபதோ அதற்கு மேலோ வந்தால் மறுபடி எண்ண வேண்டும், அப்போதும் அப்படியே இருந்தால் உடனே மருத்துவமனை. இது விதி. அறுபதுக்கு மேலிருந்து எண்ணிக்கை கீழே இறங்கினால் என்ன செய்வது என்று விதி எதுவும் இல்லை. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

ராமாயிக்கு அது முதல் பிரசவம். கார்த்திகை மாதம், மலையில் பகலிலேயே வாயிலிருந்து புகை வரும் குளிர். கணவன் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தான். வீட்டில் அவளும் மாமனார் சடையனும்தான். வலி எடுத்த பிறகு மலையிறங்க நேரமில்லை. காலையில் வீட்டிலேயே நான் பிரசவம் பார்த்தேன். பெண் குழந்தை, தராசில் இரண்டு கிலோ நானூறு கிராம். உடனே அழுதது. அதுதான் மலர்.

அந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். நல்ல குணம் உள்ளவர் என்று வீட்டார் நினைக்கும் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைக்க வேண்டும். வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. சேனை வைக்காதீர்கள், முதலில் தாய்ப்பால்தான் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தவள் நான். அன்று சடையன் கிண்ணத்தை என்னிடமே நீட்டினார்.

"நீங்க வையுங்க நர்ஸம்மா. இது உங்களாட்டம் படிக்கட்டும்."

"நான்தான் வேணான்னு சொல்றவளாச்சே, பெரியவரே."

"ஊருக்குச் சொல்றது ஊருக்கு. எங்க வூட்டுக்கு ஒரு சொட்டு."

பெருமையாகத்தான் இருந்தது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சர்க்கரைத் தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். நகத்தைப் பார்த்துக்கொண்டேன். ராமாயியின் பாலில் ஒரு சொட்டைக் கொதிக்க வைத்த கரண்டியில் எடுத்து, குழந்தையின் முகத்தருகே குனிந்து, "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டு, வாயைத் திறந்ததும் வைத்தேன். வழக்கமும் நடந்தது, விதியும் மீறப்படவில்லை. எனக்கு என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

எனக்கு அப்போது நான்கு நாளாகச் சளி. காய்ச்சல் இல்லை. மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். தண்ணீரும் நகமும் கரண்டியும் ஆபத்து என்று படித்திருந்தேன். என் முகம் ஆபத்து என்று யோசிக்கவில்லை.

ஆறாம் நாள் காலை எட்டு மணிக்குப் பார்க்கப் போனேன். குழந்தையின் மூக்கு ஈரமாக இருந்தது. முந்தைய நாள் மாலையிலிருந்து சரியாகப் பால் குடிக்கவில்லை என்றாள் ராமாயி. துணியை விலக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழே குழி விழுந்தது. முழு நிமிடம் எண்ணினேன்: அறுபத்தெட்டு. மறுபடி எண்ணினேன்: அறுபத்தெட்டு. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னேன்.

அன்று சந்தை நாள். பத்து மணிக்கு ஜீப் ஒன்று கீழே இறங்கும். அதை விட்டால் வேறு வண்டி நிச்சயமில்லை. சடையன் திண்டாடினார். அவருக்கும் இரண்டு நாளாக இருமல். கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தார்.

"ஆறு நாள் குழந்தைய குளிர்ல தூக்கினு போறதா? பையனும் இல்ல. ஜாஸ்தியாயிட்டா?"

"இங்க வெச்சிருந்தாத்தான் ஜாஸ்தியாகும், பெரியவரே."

அவர் ஒரு நிமிடம் இருமிவிட்டுத் தலையாட்டினார். ராமாயி துணிகளை மூட்டை கட்டினாள். ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அப்போது மணி ஒன்பதே முக்கால். கிளம்புமுன் ஒருமுறை எண்ணிவிடலாம் என்று குழந்தையை மடியில் கிடத்தினேன். நாற்பத்து நான்கு.

நம்ப முடியாத நிம்மதி. முள் ஓடியதைப் பார்த்தேன், எண்ணியதில் பிசகில்லை. விலாக்குழி அப்படியேதான் இருந்தது. குழந்தை பால் குடிக்கவில்லை என்பதும் அப்படியேதான் இருந்தது. இரண்டையும் நான் பார்த்தேன். எண் சொன்னதைத்தான் கேட்டேன்.

"நீ போப்பா. கொறைஞ்சிடுச்சு," என்று டிரைவரிடம் சொன்னேன்.

"இதுக்குத்தான் நிறுத்தினீங்களா? சந்தையில என் தக்காளி அழுவுது," என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தான். சடையன் சிரித்தார். "நர்ஸம்மா மடியில வெச்சாலே போதும்," என்றார். பதிவேட்டில் நேரத்தையும் எண்ணையும் எழுதி, பக்கத்தில் 'மேம்பட்டுள்ளது' என்று எழுதினேன்.

பேனாவை மூடிவிட்டுக் குழந்தையைப் பார்த்தேன். வயிறு ஏறவில்லை. ஏறும் என்று காத்திருந்தேன். மனதுக்குள் எண்ணத் தொடங்கி பதினொன்றுக்கு வந்தபோது உடல் ஒருமுறை உதறி மூச்சு வந்தது. உதட்டைச் சுற்றிச் சாம்பல் நிறம். குழந்தைக்குக் குணமாகவில்லை. வேகமாக மூச்சு விட்டு விட்டுக் களைத்துப்போயிருந்தது. அதனால்தான் எண்ணிக்கை குறைந்தது. ஜீப்பின் சத்தம் அடுத்த வளைவில் கேட்டது. ஓடினேன். கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் நின்றுவிட்டது.

நானும் ராமாயியும் குழந்தையோடு தார்ச்சாலைக்கு நடந்தோம். பத்தே காலிலிருந்து பன்னிரண்டுவரை ஒரு வண்டியும் வரவில்லை. பிறகு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. டிரைவர் பக்கத்தில் எங்களை ஏற்றிக்கொண்டார். பாரம் ஜாஸ்தி, வேகமாகப் போக முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் லாரி நின்று நின்று திரும்பியது. குழந்தையின் பாதத்தை என் இடது கையில் பிடித்திருந்தேன். மூச்சு நின்றால் உள்ளங்காலில் விரலால் சுண்டுவேன். குழந்தை சுருங்கும், மூச்சு வரும்.

"இன்னாத்துக்கு அடிக்கிறீங்க?" என்று ராமாயி முதல் முறை கேட்டாள். சொன்னேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அடிவாரம் வருவதற்குள் பதினேழு முறை சுண்டினேன். பதினேழாவது முறை, முதல் சுண்டலில் மூச்சு வரவில்லை. இரண்டாவதில் வரவில்லை. மூன்றாவதில் வந்தது.

கள்ளக்குறிச்சியில் குழந்தைக்கு உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். அங்கிருந்த டாக்டர், "எப்ப முதல்ல பார்த்தீங்க?" என்று கேட்டார். எட்டு மணிக்கு என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. "ஆறு மணி நேரமா?" என்றார்.

"வண்டி கிடைக்கல சார்."

ராமாயி என் பக்கத்தில்தான் நின்றாள்.

மறுநாள் சுலோச்சனா அம்மா மருத்துவமனைக்கு வந்தார். பதிவேட்டைக் கேட்டார். பார்த்தார். பேனா மூடியைக் கழற்றி 'மேம்பட்டுள்ளது' என்ற சொல்லின் மேல் வைத்தார். இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஜீப்பு எத்தினி மணிக்கு?"

"பத்து மணிக்கும்மா."

"உனக்குச் சளி எத்தினி நாளா?"

அதை அவர் ஏன் கேட்டார் என்று புரிய எனக்குச் சில விநாடிகள் ஆயின. "பத்து நாளா இருக்கும்மா."

மூடியை எடுத்துப் பேனாவில் போட்டார். "கொறைஞ்சா சந்தோஷப்படாத. இன்னொரு நிமிஷம் எண்ணு," என்றார். கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து என் மூக்கை மறைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஓய்வு பெறும்வரை அவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஒன்பது நாளில் மலர் பிழைத்து வீடு திரும்பினாள். வீட்டில் சடையன் இல்லை. நாங்கள் மலையிறங்கிய நான்காம் நாள் மூச்சுத் திணறி இறந்துபோயிருந்தார். மகன் கரும்புக் காட்டிலிருந்து வந்து அடக்கம் செய்திருந்தான். இறப்புக் காரணம் என்ற கட்டத்தில் நான் 'முதுமை' என்று எழுதினேன்.

ஓய்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில்தான் ஆர்.எஸ்.வி. என்ற பெயரைக் கேட்டேன். வகுப்பெடுத்த டாக்டர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் வெறும் சளி. இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துவிடும், பெரும்பாலும் தானே போய்விடும். சில வாரக் குழந்தைக்கு வந்தால் மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும், சிலவற்றுக்கு மூச்சே நின்று நின்று வரும். வயதானவர்களுக்கும் நுரையீரல் பலவீனமானவர்களுக்கும் உயிருக்கு ஆபத்தாகலாம். மூக்குச் சளி, தும்மல், தொட்ட கை வழியாகப் பரவும். தொற்றிய நான்கைந்து நாளில் தெரியும். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மலரின் சளியைப் பரிசோதித்தவர் யாரும் இல்லை. அது அந்த வைரஸ்தானா என்று எனக்குத் தெரியாது. என்னிடமிருந்துதான் போனதா என்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் வேறு சிலரும் உண்டு. தெரிந்தது இவ்வளவுதான்: எனக்குச் சளி இருந்தது, நான் குனிந்தேன், ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது.

கவிதா கூப்பிட்ட இரண்டாம் நாள் பேருந்தில் மலையேறினேன். மலர் வயிற்றோடு வந்து கதவைத் திறந்தாள். ராமாயிக்கு முடி நரைத்திருந்தது. கவிதாவும் வந்திருந்தாள்.

"வயித்துல புள்ள இருக்கசொல்ல புதுசா ஊசி எதுக்குங்க? அரசாங்கமே போடல," என்றாள் ராமாயி.

ஊசி என்ன செய்யும் என்று சொன்னேன். தாயின் உடம்பில் காப்பு உருவாகி, பிறக்குமுன் குழந்தைக்குப் போகும். முதல் சில மாதங்களுக்கு நிற்கும். "சளியே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் முத்தாம தடுக்கறதுக்குத்தான். போட்டு ரெண்டு வாரமாவது ஆகணும், அப்பத்தான் காப்பு போய்ச் சேரும். அதனால நாளைக் கடத்தாதீங்க."

"உங்களுக்கு இந்த ஊசி மேல இன்னா இவ்ளோ அக்கறை?" என்று மலர் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அப்போது சொன்னேன். சேனை வைத்த அன்று எனக்குச் சளி இருந்ததை. நாற்பத்து நான்கை. ஜீப்பை நான்தான் அனுப்பினேன் என்பதையும் டாக்டரிடம் நான் சொன்ன பதிலையும் ராமாயி அறிவாள், இருந்தும் இரண்டையும் சேர்த்தே சொன்னேன். மலர் சிரிப்பை நிறுத்தினாள். கவிதா தரையைப் பார்த்தாள்.

ராமாயி முறத்தில் இருந்த சாமையைக் கொஞ்ச நேரம் கிளறினாள்.

"நீங்க மூக்க உறிஞ்சிக்கினு இருந்தது எனக்குத் தெரியும். நர்ஸம்மாவுக்கே சளியான்னு எங்க மாமனாரு கூட சொல்லிச் சிரிச்சாரு," என்றாள். பிறகு, "அது இப்படி ஒட்டும், வயசானவங்களையும் புடிக்கும்னு அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அவரையும் கூட ஏத்திக்கினு போயிருப்பேன். ஒண்டியா இருமிக்கினு கெடந்தாரு மனுஷன்."

அன்று எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். அது உண்மை. ஆனால் தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் போய்விட்டன.

"மலரு," என்றாள் ராமாயி, "உன் வூட்டுக்காரரு கிட்ட சொல்லி மெட்ராஸுக்கு டிக்கெட்டு போடச் சொல்லு. போய்ப் போட்டுக்கினு வா."

விடுமுறை கிடைப்பதில் கணவனுக்குச் சில நாள் போனது. பிறகு மழை, மலைப்பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பேருந்து இல்லை. ஊசி போட்டதும் மலர் சென்னையிலிருந்து எனக்குப் பேசினாள். கை வலிக்கிறது, வேறொன்றும் இல்லை என்றாள். இரண்டு நாளில் மலைக்குத் திரும்பிவிட்டாள். நான் நாட்காட்டியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பதினான்கு நாள் தள்ளி இன்னொரு புள்ளி வைத்தேன். தினமும் காலையில் எழுந்ததும் அதைப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் கவிதா கூப்பிட்டாள். "அக்கா, நாள் இருக்கசொல்லவே வலி வந்துடுச்சு. கள்ளக்குறிச்சிக்கு ஏத்திட்டேன்." மாலையில் மறுபடி கூப்பிட்டாள். ஆண் குழந்தை, இரண்டு கிலோ அறுநூறு, நல்ல அழுகை. டாக்டரிடம் கேட்டுப் பார்த்தாளாம். ஒன்பது நாளில் எவ்வளவு காப்பு போயிருக்கும் என்று சொல்ல முடியாது, குழந்தைக்கே போடும் ஊசியும் உண்டு, ஆனால் இங்கே இல்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றாராம். அதுவரை கூட்டம் சேர்க்காதீர்கள், சளி உள்ளவரை அண்ட விடாதீர்கள் என்றாராம். என் வயதுக்காரர்களுக்கும் அந்தத் தடுப்பூசி உண்டு, போட்டுக்கொள்வதைப் பற்றி உங்கள் அக்காவை யோசிக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னாராம்.

மலர் குழந்தையோடு வீடு திரும்பிய மறுநாள் போனேன். எனக்குச் சளி இல்லை. மூன்று நாளாகத் தொண்டையைச் சோதித்துக்கொண்டே இருந்தேன். இருந்தும் முகக்கவசம் போட்டுக்கொண்டேன். வாசலில் ராமாயி கயிறு கட்டிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை நிறுத்தியிருந்தாள். உள்ளே போனதும் சின்னக் கரண்டி ஒன்றைத் துடைத்து என் முன் வைத்தாள்.

"இன்னும் சேனை வெக்கல. நீங்க வரட்டும்னு இருந்தேன்."

"நானா?"

"கேக்கறேன்ல."

"வேணாம் ராமாயி. அம்மாக்காரி மார்ல குடிச்சுட்டான்ல, அதான் சேனை."

"இவன் அம்மா குணத்தோட வந்தா ஊரு தாங்காது," என்றாள் ராமாயி. மலர் படுத்தபடியே அம்மாவை முறைத்தாள். கரண்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போது குழந்தை தும்மியது. இரண்டு முறை.

மூன்று பேரும் அசையவில்லை. "பச்சக் குழந்தை தும்மும். சகஜம்," என்று நான்தான் சொன்னேன். அது உண்மையும்கூட. சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து, மலரைத் துணியை விலக்கச் சொன்னேன். விலாவின் கீழே குழி இல்லை. உதடு சிவப்பு. முள் பன்னிரண்டைத் தொட்டதும் எண்ணத் தொடங்கினேன்.

"எத்தினி?" என்றாள் ராமாயி.

"நாப்பத்தாறு."

"நல்லதா?"

"நல்லதுதான்."

"அப்ப சரி," என்று மலர் துணியை எடுத்தாள். ராமாயி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு நிமிஷம் எண்ணுங்க," என்றாள். பிறகு எழுந்து போய், வெளிச்சத்துக்காகக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள்.